திருப்புளி அக்காவின் ரத்தம்

உள்ளறையில் ஏதோ சரிந்து விழுந்தது. தொப்பென்று ஒரு சத்தம். அதன் பின்னாலேயே கிண்ணம் நிறைய திருகாணிகள் சிமெண்டுத் தரையில் கொட்டி, சிதறி, ஒவ்வொன்றாக உருண்டு ஓய்கிற சத்தம்.

முன்னறையில் இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவளின் நீட்டிய கையில் ரப்பர் பட்டை இறுகியிருந்தது. இளையவள் நர்ஸ். முழங்கை மடிப்பில் நரம்பைத் தடவித் தேடிக்கொண்டிருந்த அவளுடைய விரல்கள் சத்தம் கேட்டதும் நின்றன.

"உள்ள யாருக்கா?"

"யாரும் இல்ல. எலி."

"இரும்பு திங்கிற எலியா?"

"இந்த வீட்டுல அது திங்க வேற என்ன இருக்கு? நீ குத்து."

நர்ஸ் சிரித்துவிட்டாள். வேறொரு நாளாக இருந்தால் எழுந்து போய்ப் பார்த்திருப்பாள். பார்க்க வேண்டியது அவளுடைய வேலையும்கூட. ரத்தம் எடுக்கப் போகிற வீட்டில் பழைய டி.வி., உடைந்த கம்ப்யூட்டர், கிழிந்த மெத்தை என்று ஏதாவது கிடக்கிறதா என அறை அறையாகப் பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை. ஆனால் அன்று அவளுடைய குழந்தைக்குக் காய்ச்சல். மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வந்ததிலிருந்து போனையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயால் கேட்டாள், வாயில் வந்த பதிலை நம்பினாள், ஊசியை இறக்கினாள்.

ஊசி ஏறும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மூத்தவள் திருப்பவில்லை. தன் கையில் பதிந்திருந்த அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய்க்குள் கறுப்பாக ரத்தம் ஏறுவதை அவள் கவனிக்கவில்லை. வலிக்குதாக்கா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். உலகத்தில் எத்தனை கோடிப் பேர் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டு, தோளில் தட்டிக்கொண்டு, கை கோத்துக்கொண்டு போகிறார்கள். அவளை இன்னொரு மனித உயிர் தொடுவது இந்த ஊசி நேரத்தில் மட்டும்தான்.

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நர்ஸ் அவசர அவசரமாகப் பையை மூடினாள். டீ போடுகிறேன் என்று எழுந்தவளிடம், அடுத்த தடவை இரண்டு டீயாகக் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

அக்கா கதவைத் தாழிட்டாள். உள்ளே போனாள். தரையில் குந்தி உட்கார்ந்து திருகாணிகளைப் பொறுக்கத் தொடங்கினாள். பொறுக்கியவற்றில் ஒன்றை, வெகுநாள் பழக்கத்தில், உதடுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

அவளுக்குத் திருப்புளி அக்கா என்று பெயர் வந்ததே அந்தப் பழக்கத்தோடு சேர்ந்துதான்.

ஊரின் ஓரத்தில், லாரிகள் திரும்புகிற இடத்தில், தகரக் கூரை போட்ட ஒரு நீளமான ஷெட். வீடுகளில் செத்துப்போன டி.வி.க்களும் அலுவலகங்களில் ஓய்வு பெற்ற கம்ப்யூட்டர்களும் அங்கேதான் வந்து சேரும். கல்யாணத்துக்கு வாங்கிய டி.வி., பிள்ளை பாஸானதற்கு வாங்கிய டி.வி., தவணை கட்டி முடிப்பதற்குள் புகைந்துபோன டி.வி., எல்லாம் அங்கே ஒரே குவியல். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து அவற்றைப் பிரிப்பார்கள். பின்மூடியின் திருகாணிகளைத் திருப்புளியால் கழற்றி, மூடியை நெம்பி, செம்புச் சுருளைத் தனியாக, பச்சைப் பலகையைத் தனியாக, பிளாஸ்டிக்கைத் தனியாகப் போட வேண்டும். மூடியைத் திறந்ததும் உள்ளே இருந்து கறுப்புத் தூசி எழும்பும். சாதாரணத் தூசி இல்லை அது. மாவு போல இருக்கும், எண்ணெய் போல ஒட்டும். தட்டினாலும் போகாது.

கையில் திருப்புளி இருக்கும். கழற்றிய திருகாணியை எங்கே வைப்பது? கீழே வைத்தால் உருண்டு போகும். ஆகவே அக்கா வாயில் வைத்துக்கொள்வாள். உதடுகளுக்கு நடுவே வரிசையாக நாலைந்து திருகாணிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அவளைப் பார்த்து மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். வாயில் ஆணி இருந்தால் வம்பு பேச முடியாது என்று முதலாளிக்கு அதில் ஒரு சந்தோஷம். ஆனால் அக்காவுக்கு ஆணியோடு சேர்த்தே வம்பு பேசத் தெரியும். யாருடைய புருஷன் யாரோடு சண்டை, யாருடைய மாமியார் எதைப் பூட்டி வைத்தாள் என்பதெல்லாம் அவளுடைய உதடுகளின் இரும்பு வேலியைத் தாண்டி வந்து, வரிசை முழுக்கச் சிரிப்பாகப் பரவும்.

அவளுக்கென்று வீட்டில் பேச யாரும் இல்லை. அதனால்தான் ஷெட்டில் அத்தனை பேச்சு. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபோது கையில் ஒரு தம்பியை விட்டுவிட்டுப் போனார்கள். அவனைப் படிக்க வைத்தாள். அவனுக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, தூரத்து நகரத்தில் ஒரு வீடும் ஆனது. அவளுக்கு ஆக வேண்டியதெல்லாம் ஆகாமலே வயதாகிவிட்டது. அதைப் பற்றி அவள் குறைப்பட்டுக்கொண்டதில்லை. தம்பி வாரம் தவறாமல் போன் பண்ணுவான். அந்த ஒரு போனை அவள் வாரம் முழுக்க வைத்துச் சாப்பிடுவாள்.

ஒருநாள் ஷெட்டுக்கு டாக்டரம்மா வந்தார். வெள்ளை கோட்டு போடாத, வேகமாகப் பேசத் தெரியாத ஒரு டாக்டர். டி.வி. சூடாகித் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கில் புரோமின் சேர்ந்த ரசாயனங்களைக் கலந்திருக்கிறார்கள் என்று சொன்னார். வருடம் ஆக ஆக அது தூசியோடு தூசியாக உதிரும். மூச்சில் போகும், கையில் ஒட்டும், கையிலிருந்து வாய்க்கும் வாயிலிருந்து ரத்தத்துக்கும் போகும். எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்து பார்க்க எல்லோருடைய ரத்தமும் வேண்டும் என்றார்.

"அப்ப எங்களைக் கொளுத்தினாலும் தீப்பிடிக்காதுன்னு சொல்லுங்க டாக்டரம்மா" என்றாள் அக்கா.

வரிசை முழுக்கச் சிரித்தது. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அளந்து வந்தபோது அக்காவின் அளவுதான் எல்லோரையும்விட அதிகம். வெளியே கடை வைத்திருப்பவர்கள், பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் ரத்தத்திலும் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. ஷெட்டுக்காரர்களுக்குப் பல மடங்கு. அக்காவுக்கு அதற்கும் மேலே. திருகாணியை வாயில் வைத்ததுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பள்ளிக்கூடப் படிக்கட்டில் பாதி ஏறி இறங்கிய தனக்கு வாழ்க்கையில் முதல் முறையாக முதல் மார்க் கிடைத்திருக்கிறது என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சிரிப்பு அடங்கியதும் டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இதனால் இன்னாருக்கு இன்ன நோய் வரும் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, கழுத்துச் சுரப்பியைத் தொந்தரவு செய்யலாம், வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் பால் குடிக்கும் பிள்ளைக்கும் நல்லதல்ல, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, வேலையை விட்டுவிட்டால் அளவு இறங்கும். இவ்வளவையும் அவர் நிதானமாகத்தான் சொன்னார். அக்காவுக்கும் நிதானமாகத்தான் புரிந்தது.

புரியாமல் போனது தம்பி வீட்டில். அந்த வாரப் போனில் அவள் தன் முதல் மார்க் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை. தம்பி பெண்டாட்டி பிரசவம் ஆகி அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள்.

"அது தொட்டா ஒட்டுமாக்கா?"

"ஒட்டாதுடா. டாக்டரம்மாவே சொன்னாங்க."

"இல்ல, உன் துணியில, தலைமுடியில எல்லாம் தூசி இருக்கும்ல? அவ பயப்படுறா. பிள்ளையப் பாக்க வர்றத இப்ப வேணாம்க்கா. கொஞ்ச நாள் போகட்டும்."

கொஞ்ச நாள் போனது. இன்னும் கொஞ்ச நாளும் போனது. போன் வாரத்திலிருந்து மாதத்துக்கு நகர்ந்தது. தம்பியைப் பெற்றுப் போட்டவள் இல்லையே தவிர வளர்த்தவள் அவள்தான். அந்தப் பிள்ளைக்கென்று தைத்து வைத்த சின்னச் சட்டைகள் பீரோவிலேயே மடிப்புக் கலையாமல் இருந்தன. ரத்தத்தில் இருப்பது இறங்கிவிட்டால் தம்பி வரச்சொல்லிவிடுவான் என்ற நம்பிக்கையில்தான் அவள் ஷெட் வேலையை விட்டாள். வீட்டிலேயே மெஷின் போட்டுக் கடைகளுக்குத் துணிப்பை தைத்துக் கொடுத்தாள். மூட்டையைக் கொண்டுவந்து போடுகிறவனும் எடுத்துக்கொண்டு போகிறவனும் வாசலோடு சரி. பகல் முழுக்க மெஷின் சத்தம். மெஷினை நிறுத்தினால் அதுவும் இல்லை.

வேலையை விட்டவர்களின் ரத்தம் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பதற்காக டாக்டரம்மா நர்ஸை வீட்டுக்கே அனுப்பினார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. நர்ஸ் வாயாடி. நுழையும்போதே தன் மாமியாரைப் பற்றிய முறையீட்டோடுதான் நுழைவாள். அந்த அம்மாள் உப்பு டப்பாவில் சர்க்கரையையும் சர்க்கரை டப்பாவில் உப்பையும் மாற்றி வைத்துவிட்டு, மருமகளுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று தெருவெல்லாம் சொன்ன கதையை அக்கா மூன்று தடவை கேட்டு வாங்கினாள். ஊசி போட்டு முடிந்ததும் டீ. டீ முடிந்ததும் இன்னும் கொஞ்சம் பேச்சு. போகும்போது, பஞ்சு வைத்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அது போதும். அந்த அழுத்தல் பல நாள் வரைக்கும் தோலில் இருப்பதுபோலவே அக்காவுக்குத் தோன்றும்.

அளவு இறங்கியது. அடுத்த தடவை இன்னும் இறங்கியது. நர்ஸுக்கு வாயெல்லாம் பல். "இன்னும் ஒரே தடவைக்கா. வெளியாளுங்க அளவுக்கு வந்துடுவீங்க. அப்புறம் உங்களுக்கு விடுதலை, நான் வந்து குத்த மாட்டேன்" என்றாள்.

அக்காவும் சிரித்தாள். அவள் போன பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பை தைக்கவில்லை. ஆசைப்பட்டுத் தம்பிக்குப் போன் செய்து, எல்லாம் இறங்கிவிட்டது என்று சொன்னாள். நல்லதுக்கா, உடம்பைப் பார்த்துக்கொள் என்றான். வா என்று சொல்லவில்லை. பிள்ளைக்கு இப்போது நடை வந்துவிட்டது என்றும், விழுந்து விழுந்து எழுந்திருக்கிறான் என்றும் சொன்னான். அவர்களுக்குப் பயம் என்றைக்கோ தெளிந்துவிட்டிருந்தது. அவள் இல்லாமலே இருக்கும் பழக்கம்தான் தெளியவில்லை. போனை வைத்தபோது அவளுக்கு ஒன்று விளங்கியது. அவளுடைய வாசலுக்கு அவளைத் தேடி வருகிற ஒரே ஆளை வரவழைத்துக்கொண்டிருந்தது அந்தப் பாழும் அளவுதான்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய சாமான் கடை. மறுநாள் பகலில் அங்கே போனாள். பின்பக்கம் வீங்கிய பழைய டி.வி. ஒன்றைப் பேசி வாங்கி, பை மூட்டை ஏற்றிவரும் வண்டியிலேயே போட்டுக்கொண்டு வந்தாள். சும்மா பிரித்துப் பார்க்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனித மனத்துக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்வதைப் போல எளிய வேலை வேறு ஏது? மூடியை நெம்பியதும் அந்தக் கறுப்புத் தூசி எழும்பி முகத்தில் அடித்தது. சொந்தக்காரர் வீட்டு வாசனை போல இருந்தது. முதல் திருகாணியை எடுத்தாள். கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு உதடுகளுக்கு நடுவே வைத்தாள்.

அந்த டி.வி. தீர்ந்ததும் இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகும் வந்தது. அடுத்த தடவை நர்ஸ் வந்து அறைகளைப் பார்த்தபோது எல்லாம் பை மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்திருந்தன. அன்று எடுத்த ரத்தத்தில் அளவு ஏறியிருந்தது. ஆய்வகத்தில் தவறு நடந்திருக்கும் என்று நினைத்து, மறுபடியும் எடுக்கச் சொன்னார்கள். அப்படி மறுபடி எடுக்க வந்த நாளில்தான் உள்ளறையில் சரிந்து விழுந்த சத்தம் கேட்டது, எலி என்று அவள் சொன்னது, நர்ஸ் அதை நம்பிப் போனது எல்லாம். அந்த ரத்தத்திலும் அளவு இன்னும் கூடவே இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்தவளை இனி மாதாமாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று நர்ஸ் போனில் சொன்னபோது, அக்கா வீட்டுக்குள் ஒரு புது டீத்தூள் பொட்டலத்தைப் பிரித்தாள்.

அவளுக்கு மட்டும் தெரியாத ஒன்று இருந்தது. அதைக் கடைத்தெருவில் வைத்து நெட்டச்சி சொன்னாள்.

நெட்டச்சி ஷெட்டில் அவளுக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தவள். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். திருகாணியை வாயில் வைக்க அக்காவிடம் கற்றுக்கொண்டவர்களில் அவளும் ஒருத்தி. இப்போது கைக்குழந்தைக்காரி. காய்கறிக் கடை முன்னால் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடிக்கப் போனாள். தன் கையைப் பார்த்துவிட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நகக் கண்ணெல்லாம் கறுப்பு.

தூசி உறிஞ்சும் விசிறி வைக்கிறேன், சாப்பிடுவதற்கு முன்னால் கை கழுவக் குழாய் போடுகிறேன், பால் கொடுக்கிறவர்களை டி.வி. பிரிக்கிற இடத்திலிருந்து வயர் பிரிக்கிற இடத்துக்கு மாற்றுகிறேன் என்றெல்லாம் முதலாளி டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தாராம். வேலையை விட்டவர்களுக்கு அளவு இறங்குவதைக் காட்டித்தான் டாக்டரம்மா அவரை அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். வேலையை விட்டவர்கள் அக்காவோடு சேர்த்து இரண்டு மூன்று பேர்தான். அக்காவின் அளவு மறுபடி ஏறியது காதில் விழுந்ததும் முதலாளி பேச்சை மாற்றிவிட்டார். அவள் ஷெட்டை விட்டுப் போய் இத்தனை நாள் ஆகியும் ஏறத்தான் செய்கிறது, அப்படியானால் அது ஷெட்டால் வந்தது இல்லை, அவள் வீட்டுத் தண்ணீரோ சாப்பாடோ என்னவோ, விசிறியும் வேண்டாம், குழாயும் வேண்டாம், எல்லோரும் அவரவர் இடத்திலேயே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

"உங்க மேல தப்பு இல்லக்கா. உங்க உடம்பு வாகு அப்படி. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள் நெட்டச்சி.

அவளுடைய சட்டையின் முன்புறம் ஈரமாகியிருந்தது. பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது, பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருக்கும் என்று சொல்லிவிட்டு, நீளக் கால்களை வீசிப்போட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அக்கா காய்கறிக் கடை முன்னால் எதையும் வாங்காமல் நின்றாள். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த ஈரம் கண்ணை விட்டுப் போகவில்லை. படுத்தாலும் அதுதான், எழுந்தாலும் அதுதான். சொன்னால் நர்ஸ் வரமாட்டாள். சொல்லாவிட்டால் மாதாமாதம் வருவாள். மெஷினில் ஊசி ஓட ஓட அதையே மாற்றி மாற்றித் தைத்துப் பார்த்தாள். விரலைத்தான் குத்திக்கொண்டாள்.

கடைசியில் அவளே நர்ஸுக்குப் போன் செய்தாள். அதுவரை அவள் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டால் தொந்தரவாக நினைத்துவிடுவாளோ என்ற பயம். உடம்புக்கு என்ன என்று பதறிக் கேட்டாள் நர்ஸ். உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேலை முடிந்து போகிற வழியில் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போ என்றாள் அக்கா.

சாயங்காலம் நர்ஸ் வந்தாள். கையில் ஊசிப் பை இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று அக்கா கேட்டாள். எந்தக் காய்ச்சல் என்று நர்ஸுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அது அப்பவே விட்டுடுச்சேக்கா என்றாள். டீ போட அடுப்பைப் பற்றவைக்கப் போன அக்கா, வேண்டாம் என்று நினைத்தவளாக, நேரே போய் உள்ளறைக் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள்.

சன்னல் அடைத்த அறை. பின்மூடி இல்லாத டி.வி.க்கள் சுவரோரமாக வரிசையாக இருந்தன. மூடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. செம்புச் சுருள்கள் ஒரு பக்கம், பச்சைப் பலகைகள் ஒரு பக்கம். நடுவில் உட்கார ஒரு பழைய தலையணை. அதைச் சுற்றித் தரை முழுக்கக் கறுப்பாக ஒரு வட்டம். நர்ஸ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே காலை வைக்கவில்லை.

"எப்பலேருந்துக்கா?"

"நீ விடுதலைன்னு சொன்னியே, அன்னிலேருந்து."

"ஏன்?"

எத்தனையோ சொல்ல நினைத்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "நீ வராம போயிடுவியேன்னு" என்றாள்.

நர்ஸ் முன்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. இந்த அக்காவுக்காக அவள் டாக்டரம்மாவிடம் எவ்வளவு வாதாடியிருக்கிறாள். மெஷின் தப்பு, குழாய் தப்பு, தன் ஊசி தப்பு என்றெல்லாம் சொல்லியிருக்கிறாள். வீட்டை நன்றாகப் பார்த்தாயா என்று டாக்டரம்மா கேட்டபோது, அறை அறையாகப் பார்த்தேன், ஒரு பொட்டுத் தூசிகூட இல்லை என்று கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

"தனியா இருக்கு, வந்துட்டுப் போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சும்மாவாச்சும் வந்திருப்பேனேக்கா."

"வந்திருப்பியா?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நர்ஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஆஸ்பத்திரி, பஸ், குழந்தை, மாமியார், இன்னும் ஊசி போட வேண்டிய வீடுகள் எல்லாம் அவள் முகத்தில் வந்து போயின. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியும். மாமியாரிடம் தினமும் சொல்கிறாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

பிறகு நர்ஸ் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். தாழ்ந்த குரலில் ஒரு யோசனை சொன்னாள்.

"நான் இன்னிக்கு வரல. இதைப் பாக்கவும் இல்ல. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வீட்டை ஈரத்துணி போட்டுத் துடைச்சிடுங்க. அளவு தன்னால இறங்கிடும். அது இறங்குற வரைக்கும் மாசாமாசம் நான்தான வரணும்? வரேன். என் வேலையும் போகாது. உங்களையும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

எதற்காக இத்தனை நாளும் அந்தத் தூசியைத் தின்றாளோ, அது கேட்காமலே மடியில் வந்து விழுந்திருந்தது. மாதாமாதம். வாயாடிப் பேச்சு. டீ. கட்டைவிரல். கண்ணை மூடிக்கொண்டு சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் ஈரமான சட்டையோடு ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள்.

"நெட்டச்சி பிள்ளை இன்னிக்கும் பால் குடிக்கும், நாளைக்கும் குடிக்கும். என் அளவு இறங்குற வரைக்கும் அது பட்டினியா காத்துக்கிட்டு இருக்குமா?" என்றாள். "இப்பவே சொல்லிடு. எம் முன்னாலயே சொல்லு. நீ அந்தப் பக்கம் போயிட்டா நான் மனசு மாறிடுவேன்."

நர்ஸ் அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். டாக்டரம்மாவிடம் பேசியபோது அவளுடைய வாயாடித்தனம் எங்கோ போய்விட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திய பெண்ணைப் போல ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். ஆமாம் மேடம், டி.வி.தான் மேடம். இல்லை மேடம், நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேசினார்கள். கடைசியில் சரி மேடம், சரி மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

முடிவாகிவிட்டது. அக்காவின் கடைசி அளவுகள் கணக்கில் சேராது. அவளும் இனி ஆய்வில் இல்லை. நாளைக் காலையிலேயே டாக்டரம்மா ஷெட்டுக்குப் போய் முதலாளியிடம் பேசுகிறார். உள்ளறையில் இருப்பதை எல்லாம் மூடிக் கட்டி எடுத்துப்போக ஆட்கள் வருவார்கள். நர்ஸை வீடு வீடாகப் போகிற வேலையிலிருந்து எடுத்து ஆஸ்பத்திரி வார்டில் போட்டுவிட்டார்கள்.

"வேலையே போயிடும்னு நினைச்சேன். போகல" என்றாள் நர்ஸ். சிரிக்கப் பார்த்தாள். "வார்டுல இருந்தா வெளிய தலை நீட்ட முடியாதுக்கா."

என்னை மன்னித்துவிடு என்று சொல்ல அக்கா வாயெடுத்தாள். நர்ஸ் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எழுந்து நின்று, வேலை சொல்லும் குரலில் பேசத் தொடங்கிவிட்டாள். அந்த அறையைப் பெருக்கக் கூடாது, பெருக்கினால் பறக்கும், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். சாப்பிடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அந்தத் தலையணையை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எல்லாம் சொல்லித் தீர்ந்த பிறகும் நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் தடுமாறினாள். அக்கா பிடிக்கக் கையை நீட்டினாள். அதற்குள் நர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். படியிறங்கிப் பாதி போனவள் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"கதவச் சாத்திக்கங்க. கொசு வருது."

செருப்புச் சத்தம் கீழ்ப்படி வரைக்கும் கேட்டது. தெருவில் கொஞ்சம் கேட்டது. பிறகு ஒரு பஸ் வந்து நின்று கிளம்பியது. அக்கா கதவைச் சாத்தினாள்.